மாணேக் சௌக்கின் மூன்று வேளை

அகமதாபாத்தின் பழைய நகருக்கு நடுவில் இருக்கும் மாணேக் சௌக், ஒரே நாளில் மூன்று பிழைப்புப் பிழைக்கிறது. விடிந்ததும் காய்கறிச் சந்தை. வெயில் ஏறியதும் தங்கமும் வெள்ளியும் விற்கிற நகைக்கடைத் தெரு. இரவு எட்டரை, ஒன்பது மணிக்கு மேல் அதே நகைக்கடைகளின் அடைத்த கதவுக்கு முன்னால் அடுப்பு மூட்டி, மேசை போட்டு, நள்ளிரவு தாண்டியும் ஓடுகிற தின்பண்டக் கடைகள். ஒரு கூட்டம் கிளம்பும்போதே அடுத்த கூட்டம் சாமான்களோடு வந்து நிற்கிறது.

இந்த மாதிரி இடங்களைப் பற்றி எழுதும்போது பயணிகளுக்கு 'குழப்பம்' என்ற சொல் தானாக வந்துவிடுகிறது. வண்ணம், வாசனை, இரைச்சல் என்று அடுக்கிவிட்டு, இத்தனைக்கும் நடுவில் எப்படியோ இந்தியா ஓடுகிறது என்று வியந்து முடித்துவிடுகிறார்கள். அந்த 'எப்படியோ'வில் எனக்கு உடன்பாடு இல்லை. மாணேக் சௌக்கில் எந்த மூலை எந்த நேரத்தில் யாருடையது என்பது அங்கே கூடை வைத்திருக்கும் பெண்ணுக்குத் தெரியும். ஐஸ் வண்டிக்காரருக்கும் தெரியும். அந்தக் கணக்கு எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் நான் அங்கே உட்கார்ந்தேன்.

சென்னையிலிருந்து நவஜீவன் விரைவுவண்டியில் போனேன். விமானத்தில் போனால் இரண்டு மணி நேரச் சொச்சம். ஆனால் பாதி இந்தியாவை மேலிருந்து தாண்டிவிடுவோம். நவஜீவன் விஜயவாடா, வாரங்கல், வார்தா, பூசாவல், சூரத் என்று போய்ச் சேர்கிறது. அதில் குஜராத்திக் குடும்பம் ஒன்று எதிரில் இருந்துவிட்டால் பயணி பட்டினி கிடக்க முடியாது. வெந்தயக்கீரை போட்ட தேப்லா ரொட்டியை அடுக்கடுக்காகக் காகிதத்தில் சுற்றி எடுத்துவந்திருப்பார்கள். கூடவே துருவிய மாங்காயில் செய்த இனிப்பும் காரமுமான சுந்தோ. எனக்கு எதிரே இருந்த அம்மாள் கேட்கவில்லை. இரண்டு தேப்லாவை என் பக்கம் நீட்டிவிட்டுத் தன் பேரனிடம் பேசத் தொடங்கினார். மறுத்தால் வருத்தப்படுவாரோ என்று யோசிக்கக்கூட அவகாசம் தரவில்லை.

பழைய நகரில் விடுதி எடுப்பதுதான் நல்லது. சபர்மதி ஆற்றின் மேற்குக் கரையில் வசதியான அறைகள் இருக்கின்றன. ஆனால் அங்கிருந்து கிளம்பி நெரிசலைத் தாண்டிப் பாலம் கடந்து வருவதற்குள் காலைச் சந்தையில் பாதி முடிந்திருக்கும்.

விடியலில் மாணேக் சௌக் அகலமாகத் தெரிகிறது. புல்கட்டு விற்பவர்கள் முதலில் வருகிறார்கள். கடை திறப்பதற்கு முன் ஒரு கட்டு வாங்கி மாட்டுக்குப் போட்டுவிட்டுப் போவது சில வியாபாரிகளின் பழக்கம். பிறகு காய்கறிப் பெண்கள். தரையில் சாக்கை விரித்து, பாப்டி அவரை, சின்னக் கத்தரிக்காய், ஊதா நிற வள்ளிக்கிழங்கு, பச்சைப் பூண்டு எல்லாம் குவிக்கிறார்கள். குளிர்காலமாக இருந்தால் இவை எல்லாமே உந்தியு என்ற காய்கறிக் கலவைக்குப் போகிற காய்கள் என்று வாங்குகிறவரின் பையைப் பார்த்தே சொல்லிவிடலாம். வாங்க வருகிற ஆண்கள், வயதான விற்பனைக்காரரை 'மாசி', அதாவது சித்தி, என்கிறார்கள். கொஞ்சம் இளையவரென்றால் 'பென்', சகோதரி. விலை பேசும்போது குரல் எவ்வளவு உயர்ந்தாலும் அந்த உறவுமுறை மட்டும் இறங்குவதில்லை.

ஒரு மாசியிடம் என் அரைகுறை இந்தியில், இந்த இடத்துக்கு எத்தனை வருடமாக வருகிறீர்கள் என்று கேட்டேன். "என் மாமியார் உட்கார்ந்த இடம் இது. அவருக்கு அவர் மாமியார் கொடுத்தது" என்றார். பத்திரம் இருக்கிறதா என்று கேட்டிருந்தால் சிரித்திருப்பார். ஆனால் பத்திரத்துக்குச் சமமான ஒன்று இந்தப் பெண்களிடம் உண்டு. அது வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

அகமதாபாத் நூற்பாலைகளின் ஊர். ரண்சோட்லால் சோட்டாலால் 1861இல் இங்கே முதல் ஆலையை ஓடவிட்டார். பிறகு வரிசையாக ஆலைகள் எழுந்தன. 1918இல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்தபோது, தொழிலாளர் பக்கம் காந்தியும் அனசூயா சாராபாயும் நின்றார்கள். முதலாளிகள் பக்கம் அனசூயாவின் சொந்தத் தம்பி அம்பாலால் சாராபாய். அந்தப் போராட்டத்தின் வழியில் 1920இல் உருவான மஜூர் மகாஜன் என்ற ஆலைத் தொழிலாளர் சங்கத்தில் வழக்கறிஞராக வேலை பார்த்தவர் இலா பட். ஆலைக்குள் வேலை செய்கிறவர்களுக்குச் சங்கம் இருக்கிறது. தலைச்சுமை தூக்குகிற, காய்கறி விற்கிற, வீட்டிலிருந்து தைத்துக் கொடுக்கிற பெண்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டு, 1972இல் அவர் 'சேவா' சங்கத்தைத் தொடங்கினார். முதலாளி யார் என்றே காட்ட முடியாதவர்களுக்குச் சங்கம் எதற்கு என்று அரசுத் தரப்பில் கேட்டார்கள். வங்கிகளும் இவர்களைத் திண்ணையிலேயே நிறுத்தின. 1974இல் நாலாயிரம் பெண்கள் தலைக்குப் பத்து ரூபாய் போட்டுத் தங்களுக்கென ஒரு கூட்டுறவு வங்கியை ஆரம்பித்துவிட்டார்கள். பலருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது என்பதால் கணக்குப் புத்தகத்தில் புகைப்படம் ஒட்டினார்கள்.

மாணேக் சௌக்குக்கு வருவோம். தலைமுறையாக இங்கே உட்கார்ந்த பெண்களைப் போலீஸ் விரட்டும், அபராதம் போடும், கூடையைத் தூக்கிப்போகும். போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்பது காரணம். காரும் ஸ்கூட்டரும் வருவதற்கு முன்பே அங்கே கூடை வைத்திருந்தவர்கள் எப்படி இடைஞ்சல் ஆவார்கள் என்று யாரும் கேட்கவில்லை. சேவா கேட்டது. எழுந்து போக மாட்டோம் என்று உட்கார்ந்தார்கள். 1980களில் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், உட்கார்ந்து விற்க அந்தப் பெண்களுக்கு உரிமம் கிடைத்தது. நாடு முழுவதுக்குமான தெருவோர வியாபாரிகள் சட்டம் வந்தது 2014இல். சென்னையில் தியாகராய நகரிலோ மதுரையில் மாசி வீதிகளிலோ நடைபாதைக் கடை வைத்திருப்பவருக்கும் அந்தச் சட்டம்தான். அதற்கு முன்னோடியாக நடந்த போராட்டங்களில் இந்தப் பாப்டி அவரை விற்கிற பெண்களுடையதும் ஒன்று.

இலா பட் 2022 நவம்பரில் காலமானார். அவருக்கு நகரில் எங்கே சிலை இருக்கிறது என்று நான் தேடவில்லை. மாசியின் சாக்கு விரிந்திருக்கும் அந்தச் சதுரம் போதும்.

பகல் மாணேக் சௌக்கைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தெரியாது. நகை வாங்கும் சாமர்த்தியம் இல்லாதவனுக்கு அங்கே வேலை இல்லை. பட்டறைகளில் சின்னச் சுத்தியல் சத்தம். 1894இல் தொடங்கிய பங்குச் சந்தையின் பழைய கட்டடமும் இங்கேதான் இருக்கிறது. நான் கவனித்தது தரையைக் கூட்டுகிறவர்களை. பட்டறை வாசலிலும் சாக்கடை ஓரத்திலும் படிந்த புழுதியை மென்மையான துடைப்பத்தால் கூட்டிச் சேர்த்து, அலசி, அதிலிருந்து பொன்துகள் பிரித்தெடுப்பது ஒரு தொழில். அவர்களைத் 'தூள்தோயா' என்கிறார்கள். புழுதிக்கும் இங்கே உரிமை பேச ஆள் இருக்கிறது.

சௌக்கின் ஓரத்தில் அகமத் ஷாவின் அரசிகள் புதைக்கப்பட்ட ராணி நோ ஹஜீரோ. 1411இல் இந்த ஊரை நிறுவியவர் அகமத் ஷா. அவருடைய கல்லறை எதிர்ப்புறம், அதையும் தாண்டி மேற்கே 1424இல் கட்டி முடித்த ஜாமா மசூதி. இருநூற்று அறுபது தூண்கள். மணல்கல்லில் செதுக்கிய அந்தத் தூண்காட்டுக்குள் நிற்கும்போது, வேலை செய்தவர்கள் கோயில் கட்டிப் பழகிய கைகள் என்பது தெரிந்துவிடும். அரசிகளின் கல்லறையைச் சுற்றியோ சுவரே தெரியாதபடி கடைகள்: பாவாடை, கண்ணாடி பதித்த துணி, வெற்றிலைக்குப் பதிலாக மெல்லும் முக்வாஸ் வகைகள். தொல்லியல் அக்கறை உள்ளவர்கள் இதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். எனக்கு அரசிகளுக்குத் துணைக்கு ஆள் இருக்கிறது என்று தோன்றியது. இதே ஊரில் லால் தர்வாஜா பக்கம் 'லக்கி' என்ற தேநீர்க் கடையில் பச்சை வண்ணம் பூசிய கல்லறைகள் மேசைகளுக்கு நடுவிலேயே இருக்கின்றன. வெண்ணெய் தடவிய மஸ்கா பன்னும் தேநீரும் கொண்டுவருகிற பையன் அவற்றை ஒதுங்கி ஒதுங்கி நடக்கிறான். சுவரில் எம்.எஃப். உசேன் கொடுத்த ஓவியம். இறந்தவர்களுக்கும் ஓர் ஓரம் ஒதுக்கியாகிவிட்டது.

பழைய நகரம் 2017இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய நகரமானது. இந்தியாவில் முழு நகரமாக அந்தப் பட்டியலில் ஏறியதில் இதுதான் முதல். அந்தப் பெருமை மசூதிகளுக்கு எவ்வளவோ அவ்வளவு போள்களுக்கும் உண்டு. போள் என்பது ஒரு பெரிய கதவுக்குப் பின்னால் ஒரே சாதியோ தொழிலோ மதமோ சார்ந்த குடும்பங்கள் சேர்ந்து வாழ்கிற தெருக்கொத்து. கதவுக்கு மேலே காவல்காரருக்கு ஓர் அறை. உள்ளே போனால் தெரு வளைந்து, குறுகி, முட்டுச்சந்தில் முடியும். முட்டுச்சந்து என்று நினைத்தது யாரோ ஒருவர் வீட்டுப் பக்கமாக அடுத்த போளுக்குள் திறக்கும். மரத்தில் செதுக்கிய முகப்புகள். வாசலில் ஓட்லோ, அதாவது நம் திண்ணை. ஆனால் இவர்களுடையது இன்னும் உயிரோடு இருக்கிறது. கொத்தவரங்காய் நறுக்குவது, பேரனுக்குப் பாடம் சொல்வது, போகிற வருகிற என் போன்றவர்களை மேலும் கீழும் அளப்பது எல்லாம் அங்கேதான்.

போளின் நடுவில் பறவைகளுக்குத் தீனி வைக்கும் சபூத்ரோ. ஒற்றைக் காலில் நிற்கும் மண்டபம்; மரத்திலோ கல்லிலோ வேலைப்பாடு செய்தது. தானியச் செலவு போளில் இருக்கிறவர்கள் பொறுப்பு. வீட்டு முற்றத்துக்கு அடியில் டாங்கா என்ற நிலவறைத் தொட்டி. கூரையில் விழும் மழைநீர் குழாய் வழியாக இறங்கி, இருட்டிலும் குளிர்ச்சியிலும் ஆண்டு முழுக்கக் கெடாமல் இருக்கும். 2003இல் தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, கணக்குக் காட்டுவதற்காக நம்மில் பலர் பதித்த பிளாஸ்டிக் குழாய் நினைவுக்கு வந்து, கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆனால் இங்கேயும் பல டாங்காக்கள் குழாய்த் தண்ணீர் வந்ததும் மூடப்பட்டுவிட்டன.

மாநகராட்சி 1997 முதல் நடத்துகிற காலை நடைப்பயணம் காலுப்பூர் சுவாமி நாராயண் கோயிலில் தொடங்கி ஜாமா மசூதியில் முடிகிறது. அழைத்துப்போகிறவர் கவிஞர் தல்பத்ராமின் வீடு இருந்த இடத்தில் நிறுத்துவார். அங்கே கவிஞர் வெண்கலச் சிலையாகத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் அமர்ந்து படம் எடுத்துக்கொள்ளாத பயணி இல்லை. நடைப்பயணம் நல்லதுதான். ஆனால் அது முடிந்த பிறகு அதே வழியில் தனியாகத் திரும்பி நடந்தால்தான், வழிகாட்டி வாய் திறக்காத ஒன்று கண்ணில் படும்: பூட்டிய வீடுகள். மரமுகப்பு சரிந்து, கம்பு முட்டுக் கொடுத்து, பூட்டில் துரு ஏறியவை. கிடங்காக மாறியவை.

ஏன் போனார்கள் என்றால் கார் நுழையாது, கழிப்பறை வசதி போதாது, பிள்ளைகள் மேற்குக் கரையில் அடுக்குமாடி வாங்கிவிட்டார்கள் என்பார்கள். உண்மைதான். 1969, 1985, 2002 கலவரங்களும் உண்மை. சேர்ந்து வாழ்வதற்காக எழுந்த கதவு, கலவர நாட்களில் உள்ளே யார் வெளியே யார் என்று பிரிக்கிற கதவாக ஆனது. ஒரு மதத்தவர் இன்னொரு மதத்தவருக்கு வீடு விற்க மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்கிற 1991 சட்டம் நகரின் பல பகுதிகளில் நடைமுறையில் இருக்கிறது. பயந்து அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டு ஓடுவதைத் தடுக்க வந்த சட்டம். இப்போது கலந்து வாழ விரும்புகிறவரையும் அது தடுக்கிறது. தீன் தர்வாஜா என்ற பழைய நகர வாயிலில் லட்சுமிக்காக ஏற்றிய விளக்கை ஒரு முஸ்லிம் குடும்பம் தலைமுறையாகக் காத்துவருகிறது. அதைப் பார்த்து நெகிழ்ந்துவிட்டு நாம் ஊர் திரும்பிவிடலாம். அந்த விளக்கும் இந்தச் சட்டமும் ஒரே ஊரில் இருப்பதைச் சொல்லாமல் அகமதாபாத்தைப் பாராட்டினால் அது பாதிப் பாராட்டு.

சபர்மதி ஆசிரமத்துக்கு எல்லோரும் போகிறார்கள். 1930 மார்ச் 12இல் காந்தி தண்டிக்குக் கிளம்பிய இடம், போக வேண்டியதுதான். நான் அதைவிட அதிக நேரம் செலவழித்தது பால்டி பக்கம் இருக்கும் கோச்ரப் ஆசிரமத்தில். 1915 மே 25இல் ஒரு வாடகை பங்களாவில் காந்தி இந்தியாவில் தொடங்கிய முதல் ஆசிரமம் அது. அன்று அங்கே இருந்த இருபத்தைந்து பேரில் பதின்மூன்று பேர் தமிழர்கள் என்று சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். தென்னாப்பிரிக்காவிலிருந்தே அவரோடு வந்த தமிழ் இளைஞர்கள் ஐந்து பேர்; மற்றவர்கள் நாட்டின் பல பக்கங்களிலிருந்து வந்து சேர்ந்தவர்கள். குஜராத் காந்தியின் முதல் வீட்டில் பாதிப் பேர் தமிழ் பேசியிருக்கிறார்கள்!

சில மாதங்களில் தூதாபாய் என்ற தலித் ஆசிரியர், மனைவி தானிபென், குழந்தை லட்சுமியோடு அங்கே குடிவந்தார். கிணறு பங்களா உரிமையாளருக்கும் ஆசிரமத்துக்கும் பொது. ஏற்றம் இறைத்தவன், இவர்கள் வாளியிலிருந்து ஒரு சொட்டு மேலே பட்டால் தீட்டு என்று வசைபாடினான். பதில் பேசாதீர்கள், தண்ணீர் எடுப்பதையும் நிறுத்தாதீர்கள் என்று காந்தி சொல்லிவிட்டார். திட்டித் திட்டிக் கடைசியில் அவனே வெட்கி அடங்கினான். அதற்குள் பணம் கொடுத்துவந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். காசு தீர்ந்த நிலையில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு செல்வந்தர் காரில் வந்து பதின்மூன்றாயிரம் ரூபாயைக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் அம்பாலால் சாராபாய் என்று பிற்பாடு சொன்னார்கள். 1918இல் எதிரணியில் நின்ற அதே அம்பாலால். ஊரை ஒருவர் இப்படித்தான் புரிந்துகொள்ள முடியும்: கிணற்றங்கரையில் யார் நிற்கலாம் என்ற சண்டையிலிருந்து.

ஆலைகளுக்கு வேலை தேடி வந்த தமிழர்களின் வழித்தோன்றல்கள் மணிநகர்ப் பக்கம் இன்றும் இருக்கிறார்கள். அங்கிருந்த தமிழ்வழிப் பள்ளி, மாணவர் குறைந்ததால் 2020இல் மூடப்பட்டது.

இரவு மாணேக் சௌக். எட்டு மணிக்கு மேல் நகைக்கடைகளின் இரும்புக் கதவுகள் இறங்க இறங்க, கைவண்டிகள் சந்துகளிலிருந்து புறப்பட்டு வருகின்றன. முதலில் அடுப்பு வைக்கும் மேடை, பிறகு பிளாஸ்டிக் நாற்காலி, பிறகு விளக்கு. அரை மணியில் நகைத் தெரு இருந்த சுவடு இல்லை. சாப்பாடு எல்லாம் சைவம். வெங்காயம், பூண்டு, கிழங்கு சேர்க்காத 'ஜைன்' பாவ்பாஜி தனியாகக் கிடைக்கும், அதில் உருளைக்கு வாழைக்காய். அன்னாசியும் ஜாமும் சீஸும் வைத்த சாண்ட்விச், சாக்லேட் சாண்ட்விச் என்று நம் நாக்கு நம்ப மறுக்கிற வகைகளும் உண்டு.

இங்கே பேர் போனது 'குவாலியர் தோசை'. குவாலியருக்கும் தோசைக்கும் என்ன உறவு என்பதை விடுங்கள். கல்லில் மாவு ஊற்றி, கையளவு வெண்ணெய் போட்டு, காய்கறி மசாலாவைக் கல்லிலேயே மசித்துப் பரப்பி, மேலே சீஸைத் துருவி மூடிக் கொடுக்கிறார்கள். தமிழனாகப் பிறந்த கடமைக்கு ஒன்றிரண்டு ஆட்சேபங்கள் எழுப்பலாம் என்றுதான் வாங்கினேன். பாதிக்கு மேல் ஆட்சேபிக்கத் தோன்றவில்லை. அதைத் தோசை என்று எண்ணாமல் சாப்பிட்டால் அருமையான பண்டம்.

இந்தச் சைவ விளக்கொளிக்கு நடந்துபோகிற தொலைவில் பட்டியார் கலி இருக்கிறது. இறைச்சி வறுவலும் கபாப் புகையுமாக நெடுங்காலமாக ஓடுகிற சாப்பாட்டுச் சந்து. 2021 நவம்பரில் மாநகராட்சி பெரிய சாலைகளிலிருந்து முட்டை, இறைச்சி விற்கும் வண்டிகளை அகற்றக் கிளம்பியது. வண்டிக்காரர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். மக்கள் எதைத் தின்ன வேண்டும் என்று முடிவு செய்வது மாநகராட்சியின் வேலையா என்று டிசம்பரில் நீதிமன்றம் கடிந்து கேட்டது. காய்கறிப் பெண்கள் நாற்பது வருடம் முன்பு போன அதே பாதை. சாதாரண நாளில் நாம் ரசிக்கிற இந்தச் சந்தடி தானாக விளைந்தது அல்ல. ஒவ்வோர் அடியும் யாரோ உட்கார்ந்து, திட்டு வாங்கி, வாதாடி வாங்கியது. நாளை பறிபோகவும் கூடியது.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை போங்கள். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும். நமக்குப் பொங்கல் வருகிற நேரம் அவர்களுக்கு உத்தராயணம். ஊரே மொட்டைமாடியில் பட்டம் விடும், போள் வீடுகளின் மாடி வாடகைக்குக் கிடைக்கும். கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சாவில் பறவைகள் அறுபடுவதையும் பார்க்கவேண்டியிருக்கும் என்பதால் நான் அந்த நாளைச் சிபாரிசு செய்ய மாட்டேன். ஓர் அதிகாலையை மாணேக் சௌக்குக்கு ஒதுக்குங்கள். கைப்பேசியை எடுப்பதற்கு முன் மாசியிடம் ஏதாவது வாங்குங்கள். சமையலறை இல்லாதவர் நாலு கொய்யாவாவது வாங்கலாம். வாங்கிவிட்டு ஓரமாக நில்லுங்கள், அடுத்தவர் கூடையை இறக்க வேண்டும்.